கடல் கடந்த கடன்பத்திரமும் கல்முனைக் கல்வீடும்

கல்முனைக்குடிக் கடற்கரையிலே கரைவலை இழுக்கப்படும் நாட்களில் அஸர் தொழுகையின் பின்னர் ஒரு கூட்டம் சேர்வது வழக்கம். வலைக்கு உரியவர், தோணியில் சென்று வந்தோர், கயிறு பிடித்து இழுப்போர், கூடையுடன் காத்திருக்கும் வியாபாரிகள், வேலையின்றி வேடிக்கை பார்ப்போர் என அது ஒரு சிறிய உலகம். மடி கரையேறியதும் மீனுக்கு விலை பேசப்படும், செலவு கழிக்கப்படும், எஞ்சியது பங்குகளாகப் பிரிக்கப்படும். மடி நிறைந்து வந்தால் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. மடி வெறுமையாக வந்தால் வலைக்காரருக்கும் இல்லை. கயிறு இழுத்தவருக்கும் இல்லை. கடல் தந்ததைப் பகிர்ந்து கொள்வதன்றிக் கடல் தராததைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் தொடக்கத்தில் ஒரு மாலை, அக்கூட்டத்திற்குச் சற்று அப்பால், முப்பது ஆண்டுகள் வர்த்தக பாடம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த தோணியொன்றில் சாய்ந்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்தவன் தோஹாவில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அவருடைய மூத்த மகன். பேச்சின் பொருள், அவன் சேர்த்து வைத்திருந்த டொலர்கள்.

அப்பணத்திற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் பெண்ணுக்கு மணம் பேசுவதென்றால் முதலில் வீடு பேசப்படும். மணமகன் பெண் வீட்டிற்கு வந்து குடியேறுவதே மரபு. ஆகவே பெண் பிறந்த வீட்டில் வாப்பாவுக்கும் காக்காமாருக்கும் ஒரு கல்வீட்டின் கடமை பிறக்கின்றது. ஆசிரியரின் ஓய்வூதியம் அன்றாடச் செலவுக்கே போதும். மகன் பாலையிலே உழைத்துச் சேர்த்தது தங்கையின் வீட்டுக்காக. அத்திவாரம் போடப்பட்டிருந்தது, 2023 இல் திருமணம் என்பது இரு வீட்டாரும் இணங்கிய தவணை.

மகன் சொன்ன யோசனை இதுதான். இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுச் சந்தையில் டொலரிலே விற்ற கடன்பத்திரங்கள் அப்போது முகப்புப் பெறுமதியைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தன. நூறு டொலர் எனப் பெயரெழுதிய பத்திரத்தை அதனிலும் வெகுவாகக் குறைத்து வாங்கலாம். வருடத்தில் இருமுறை வட்டி வரும். முதிர்வு நாளில் நூறு டொலரும் வரும். அத்தகைய முறிகளை நேரடியாக வாங்குவதற்கு இலட்சக்கணக்கான டொலர் தேவை. தொழிலாளிக்கு அது எட்டாது. ஆனால், இலங்கை உட்படப் பல நாட்டு அரசுகளின் முறிகளை வாங்கிச் சேர்த்து, சிறு தொகை இடுவோரையும் அனுமதிக்கும் நிதியங்கள் உண்டு. அப்படியொன்றை அவன் பார்த்து வைத்திருந்தான்.

“வாப்பா, கடன் வாங்குகிறது அரசாங்கம். அது எங்கே ஓடி ஒளியப் போகிறது? போன கிழமைதானே நூறு கோடி டொலரைச் சொன்ன நாளில் கட்டி முடித்தது” என்றான்.

அவன் சொன்னது பொய்யன்று. 2021 ஜூலை இறுதியில் முதிர்ந்த 100 கோடி டொலர் முறியை இலங்கை முழுமையாகவே தீர்த்திருந்தது. அதற்கு முன்னரும் தவறியதில்லை. ‘நாட்டுக்கான பன்னாட்டு முறி’ என்ற பெயரில் 2007 ஒக்டோபரில் நூற்றுக்கு 8.25 வீத வட்டிக்கு முதன்முறையாகப் பெற்ற 50 கோடி டொலர் 2012 இல் உரிய நாளில் திருப்பிக் கொடுக்கப்பட்டது. சுதந்திரம் பெற்ற நாள் முதல் வெளிநாட்டுக் கடன்காரருக்குத் தவணை தவறாத நாடு என்பது கொழும்பிலே அடிக்கடி சொல்லப்பட்ட பெருமை.

வெளிநாட்டுச் சந்தையில் விற்கப்படும் அரசாங்க முறிகளின் கவர்ச்சி எங்கிருந்து வருகின்றது என்பதை ஆசிரியர் அறியாதவரல்லர். வங்கி மூடப்படலாம்; கம்பனி கலைக்கப்படலாம்; அரசு கலைவதில்லை. அதற்கு வரி விதிக்கும் அதிகாரம் உண்டு. செல்வந்த நாடுகளின் வங்கிகள் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ கொடுக்கத் தயங்கும் காலத்தில் வறிய நாடுகளின் முறிகள் ஆறும் ஏழும் எட்டும் கொடுக்கின்றன. பத்திரம் டொலரில் இருப்பதால் ரூபாயின் சரிவு அதைத் தீண்டாது. எல்லாவற்றிற்கும் மேலாக, எந்த நாளில் எவ்வளவு வரும் என்பது அச்சிட்ட எழுத்தில் இருக்கின்றது. நிச்சயமின்மையே வாழ்வாகிப்போன ஒரு குடும்பத்திற்கு இதனைவிட இனிய வாசகம் வேறு இல்லை.

எனினும் அவர் மனம் இணங்கவில்லை. முதலாவது தடை மார்க்கத்தின் தடை. வட்டி விலக்கப்பட்டது என்பதில் அவ்வீட்டில் இரண்டு கருத்து இல்லை. வட்டி பெறாமல் அரசுக்குப் பணம் கொடுக்க இன்று வழியுண்டு என்பதையும் அவர் அறிவார். சொத்தொன்றின் வாடகையில் பங்கு என்ற அடிப்படையில் அமையும் ஸுகூக் பத்திரங்களை மலேசிய அரசு 2002 இல் உலகச் சந்தையில் விற்றது. பிரித்தானிய அரசும் 2014 இல் 20 கோடிப் பவுணுக்கு விற்றது. ஆனால் மகன் காட்டிய நிதியம் அவ்வகையினதன்று. மேலும், பெயர் எதுவாயினும் கொடுத்த வாக்கை அரசு மீறக்கூடும் என்ற அபாயம் பெயரோடு நீங்கிவிடுவதில்லை.

இரண்டாவது தடை வரலாற்றிலிருந்து வந்தது. இந்நாட்டின் முஸ்லிம் பாடசாலைகளிலே பயின்ற எவரும் ஒராபி பாஷாவின் பெயரை அறிவர். 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கிய அந்த எகிப்தியத் தளபதி, அறிஞர் சித்திலெப்பை முதலானோரின் கல்வி முயற்சிகளுக்கு ஊக்கமளித்தமையும், 1892 இல் மருதானையில் ஸாஹிறா தோன்றியமையும் வகுப்பறையிலே பெருமையோடு சொல்லப்படுவன. அவர் ஏன் இங்கு வந்தார் என்ற வினாவிற்கு, “ஆங்கிலேயரை எதிர்த்தார்” என்ற ஒரு வரியோடு பாடம் முடிந்துவிடும். அவ்வரியின் பின்னால் நிற்பவை கடன்பத்திரங்கள்.

1863 இல் எகிப்தின் ஆட்சியை ஏற்ற கெதீவ் இஸ்மாயில் கால்வாய்க்கும் இரும்புப் பாதைக்கும் மாளிகைக்குமாக இலண்டனிலும் பாரிசிலும் பத்திரம் விற்றுக் கடன் வாங்கினார். 1873 இல் 3 கோடி 20 இலட்சம் பவுண் எனப் பெயரெழுதிய கடனில் அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய 2 கோடியே. ஆனால் வட்டி முழுத் தொகைக்கும் கட்டப்பட வேண்டும். 1875 இல் சுயெஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகளைப் பிரித்தானியாவுக்கு ஏறக்குறைய 40 இலட்சம் பவுணுக்கு விற்றும் கடன் அடையவில்லை. 1876 ஏப்ரலில் கொடுப்பனவு நின்றது. அடுத்த மாதமே பத்திரக்காரரின் நலன் காக்க ஐரோப்பியர் அமர்ந்த கடன் ஆணையம் கெய்ரோவில் நிறுவப்பட்டது. நாட்டின் வருமானம் முதலில் அவர்களுக்கு. படைவீரனின் சம்பளமும் விவசாயியின் வயிறும் பின்னரே. 1879 இல் இஸ்மாயில் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். 1881 இல் ஒராபியின் தலைமையிலே படையினர் எழுந்தனர். 1882 ஜூலையில் பிரித்தானியக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவைச் சுட்டன; செப்டெம்பரில் தெல் அல் கபீர் போர்க்களத்தில் எல்லாம் முடிந்தது. அப்போது பிரித்தானியப் பிரதமராயிருந்த கிளாட்ஸ்ரன் தம் சொந்தச் செல்வத்திலும் எகிப்தியப் பத்திரங்களை வைத்திருந்தார் என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவருடைய கணக்குகளைக் கொண்டே காட்டியுள்ளனர்.

இவ்வரலாறு கடன் கொடுப்போருக்கு ஒரு பாடத்தையும் கடன்படுவோருக்கு வேறொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. பத்திரக்காரன் பின்னால் போர்க்கப்பல் நின்ற காலத்தில் அவன் பணம் மீண்டது. அதற்கான விலையை எகிப்தின் உழவன் கொடுத்தான். கப்பல் செல்ல முடியாத இடத்தில் பணமும் மீளவில்லை. 1918 பெப்ரவரியில் ரஷ்யாவின் புதிய அரசு சார் மன்னரின் கடன்களைச் செல்லாதவை என அறிவித்தபோது பிரான்சிலே சிறு சேமிப்பாளர் இலட்சக்கணக்கானோரின் பத்திரங்கள் வெறும் தாளாயின. நம்முடைய காலத்தில் பத்திரக்காரனுக்கு நீதிமன்றம் உண்டு. ஆயினும் தீர்ப்பு வேறு, பணம் வேறு. 2001 இறுதியில் கடன் தவறிய ஆர்ஜென்ரினாவை நியூயோர்க் நீதிமன்றத்தில் தொடர்ந்த அமெரிக்க நிதியமொன்று, 2012 இல் கானா நாட்டுத் துறைமுகத்தில் அந்நாட்டின் பயிற்சிக் கப்பலையே தடுத்து வைக்கச் செய்தது. பெரும் சட்டத்தரணிகளைக் கொண்ட அந்நிதியத்திற்கே இணக்கம் காண 2016 வரை சென்றது. கல்முனைத் தொழிலாளி எந்தக் கப்பலைப் பிடிப்பான்?

“மகன், எட்டு வீதம் தருகிறார்கள் என்றால் அது தயவன்று. தவறினாலும் தவறுவோம் என்று முன்கூட்டியே சொல்லித் தருகிற விலை அது. தங்கையின் வீட்டுக்குத் தவணை இருக்கிறது, தவணையுள்ள காசை அதில் போடக்கூடாது” என்றார் ஆசிரியர். மகன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் “சரி வாப்பா” என்றான். அவ்வாண்டு முடிவதற்குள் பணம் ஊருக்கு வந்து சேர்ந்தது. டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய் வீதம் மாற்றப்பட்டு, வட்டியில்லாக் கணக்கொன்றில் அவர் பெயரில் வைக்கப்பட்டது. பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டதாக அவர் நிம்மதியடைந்தார்.

2022 ஜனவரி 18 இல் முதிர்ந்த 50 கோடி டொலர் முறியை அரசாங்கம் முழுமையாகக் கட்டியது. அம்முறியைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தோர் முழு விலை பெற்றனர். மகன் அன்றிரவு தொலைபேசியில் அதைக் குறிப்பிட்டான். குற்றம் சாட்டவில்லை, குறிப்பிட்டான். நாட்டிலே எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாத வேளையில் இக்கடனைக் கட்டலாமா எனப் பொருளியலாளர் பலர் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

மார்ச் மாதத்தில் ரூபாய் மிதக்க விடப்பட்டது. மே மாதமளவில் ஒரு டொலர் 360 ரூபாய் ஆயிற்று. சீமெந்துப் பையொன்றின் விலை ஓராண்டுக்குள் இரு மடங்கிற்கு மேல் ஏறியது. கம்பியும் ஓடும் அதனைப் பின்தொடர்ந்தன. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. வங்கிப் புத்தகத்திலே ஒரு சதம்தானும் குறையவில்லை. ஆனால் அதே தொகைக்கு வீட்டின் சுவர்கள் கதவு நிலையின் உயரத்தைத் தாண்டவில்லை.

ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. பயன்படுத்தத்தக்க வெளிநாட்டுச் செலாவணி 5 கோடி டொலரும் இல்லை என மே மாதத்தில் நிதியமைச்சர் பாராளுமன்றத்திலே கூறினார். ஜூலையில் முதிரவிருந்த 100 கோடி டொலர் முறி கட்டப்படவில்லை. ஜனவரியில் முதிர்ந்த முறியும் ஜூலையில் முதிர்ந்த முறியும் ஒரே அரசின் கையொப்பமுடையவை. இடையில் இருந்தது ஆறு மாதம். ஜனவரிக்காரன் அறிவாளி எனவும் ஜூலைக்காரன் பேதை எனவும் கூறுதல் எளிது. உண்மையில் இருவரும் ஒரே காற்றில் பாய் விரித்தவர்களே.

அந்நாட்களில் கரைவலைத் தோணிகள் மணலில் கிடந்தன. மண்ணெண்ணெய் இல்லாமையால் இயந்திரப் படகுகளும் நாள் கணக்காகக் கடலுக்குச் செல்லவில்லை. முந்திய ஆண்டின் இரசாயனப் பசளைத் தடையால் மேற்கே வயல்களில் விளைச்சல் வீழ்ந்திருந்தது. எரிவாயு வரிசையிலே நின்றுகொண்டு ஆசிரியர் எண்ணிப் பார்த்தார். மகன் அம்முறிகளை வாங்கியிருந்தால், அவனுக்கு வரவேண்டிய வட்டி இவ்வரிசையில் நிற்போரிடமிருந்துதான் வரவேண்டும். அவ்வரிசையில் அவனுடைய வாப்பாவும் ஒருவர். தூர தேசத்துப் பத்திரக்காரனுக்கு நாடு என்பது ஒரு வட்டி வீதம். அந்நாட்டில் இருப்பவனுக்கு அது அடுப்பும் படகும் ஆகும்.

ஆயினும் அவ்வெண்ணத்தில் ஆறுதல் கொண்டுவிட அவரால் இயலவில்லை. தாம் மகனுக்குச் சொன்ன புத்தியில் ஒரு பாதி குறைந்திருந்தது என்பது அவருக்குப் புலப்பட்டது. முறியை அரசின் வாக்குறுதி என்று ஐயுற்றவர், ரூபாய்த் தாளும் அதே அரசின் வாக்குறுதி என்பதை மறந்துவிட்டார். முறியிலாவது தவணையும் வட்டியும் எழுதப்பட்டிருக்கின்றன. தாளிலே அதுவும் இல்லை. பாதுகாப்பு எனத் தாம் கருதியது பழக்கமேயன்றி வேறன்று.

இத்தவறு அவருக்கு மட்டும் உரியதன்று. நாடே ஒருகால் அதற்கு ஆளாகியிருந்தது. 1884 இல் ஒரியன்டல் வங்கி முறிந்தபின், இலங்கையில் நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பு நாணய ஆணையாளர் சபையிடம் வந்தது. அத்தாள்களுக்கு ஈடாக வெள்ளி நாணயத்தோடு பிரித்தானிய, இந்திய அரசுகளின் கடன்பத்திரங்களும் வைக்கப்பட்டன. அதாவது, ஏழை நாடொன்று தன் சேமிப்பைச் செல்வந்த அரசுகளுக்குக் கடனாகக் கொடுத்திருந்தது. அக்கடன் ஒருநாளும் தவறவில்லை. ஆனால் 1949 செப்டெம்பரில் பிரித்தானியா தன் பவுணை 4.03 டொலரிலிருந்து 2.80 டொலருக்கு இறக்கியது. பவுணாக வைத்திருந்த ஒவ்வொரு சேமிப்பின் டொலர்ப் பெறுமதியும் ஒரே நாளில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது கரைந்தது. அடுத்த ஆண்டு மத்திய வங்கி தொடங்கியது. சொன்ன தொகையைச் சொன்ன நாளில் கொடுத்தும் ஓர் அரசு கடன்காரனை வறியவனாக்க முடியும் என்பதே அந்த 1949 சொல்வது. தவறாத அரசு தரும் நட்டத்திற்கு வேறொரு வழியும் உண்டு. 2022 இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூச்சியத்திற்கு அண்மையிலிருந்து நான்கு வீதத்திற்கு மேல் உயர்த்தியபோது, குறைந்த வட்டியிலே முன்னர் விற்கப்பட்ட அமெரிக்க முறிகளின் சந்தை விலை விழுந்தது. முதிர்வு வரை காத்திருக்கக் கூடியவருக்கு அது ஒன்றுமில்லை; இடையில் விற்க நேர்ந்தவருக்கே நட்டம்.

ஆகவே வினா, அரசை நம்பலாமா என்பதன்று. எந்த அரசின் எந்த வாக்குறுதி, எந்த நாணயத்தில், எந்த நாள் வரை என்பதே வினா. தம் மகனின் காசுக்கு முதலிரண்டையும் ஆராய்ந்த ஆசிரியர் மூன்றாவதை ஆராயவில்லை. பத்திரம் வேண்டாம் என்றது சரி. டொலரை ரூபாயாக்கி வைத்திருக்கச் சொன்னது சரியன்று. அன்றே சீமெந்தாகவும் கம்பியாகவும் வாங்கிப் போட்டிருந்தாலும் வீடு எழுந்திருக்கும். இதனை அவர் 2022 இன் நோன்புப் பெருநாளன்று மகனிடம் ஒப்புக்கொண்டார். “நான் படிப்பித்த பாடம்தான், மகன், பாதியிலே விட்டுவிட்டேன்” என்றார். “நீங்கள் சொன்னதை நான் கேட்டேன் வாப்பா, உங்களில் பிழையில்லை” என்றான் அவன்.

பின்னர் நடந்தவற்றையும் நடுநிலையோடு சொல்லுதல் வேண்டும். 2022 இன் இறுதியில் எவரும் தீண்டாத விலைக்கு விழுந்திருந்த இலங்கை முறிகளைத் துணிந்து வாங்கிக் காத்திருந்தோர் பெரும் இலாபம் கண்டனர். ஏறக்குறைய 1,250 கோடி டொலர் முறிகளின் மறுசீரமைப்பு 2024 டிசெம்பரில் முடிந்தது. மூலத்தொகையில் நூற்றுக்கு 27 குறைக்கப்பட்டு, தவணை நீட்டப்பட்டு, புதிய முறிகள் கொடுக்கப்பட்டன. விழுந்தபோது வாங்கியவனுக்கு அது வரவு. முழு விலைக்கு வாங்கியிருந்தவனுக்கு இழப்பு. உள்நாட்டிலோ, ஊழியர் சேமலாப நிதியம் தன்னிடமிருந்த திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டியும் நீண்ட தவணையும் கொண்டவற்றிற்கு 2023 இலேயே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. முறி என்ற சொல்லையே கேட்டிராத தொழிலாளியும், தன் ஓய்வுகாலச் சேமிப்பின் வழியாக அரசுக்குக் கடன் கொடுத்தவனே என்பதை அவ்வாண்டு உணர்த்தியது.

அப்புதிய முறிகளிலே ஆசிரியரின் கவனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. அவற்றுள் ஒரு வகை நாட்டின் உற்பத்தியோடு பிணைக்கப்பட்டது. 2025 முதல் 2027 வரை பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் பத்திரக்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்கப்படும், தளர்ந்தால் குறையும். பத்திரிகையிலே அச்செய்தியை வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நியூயோர்க்கின் சட்டத்தரணிகளும் கொழும்பின் அதிகாரிகளும் இரண்டரை ஆண்டுகள் வாதாடி வந்து சேர்ந்த இடம், கல்முனைக்குடிக் கடற்கரையில் மடி அவிழ்க்கும் இடத்திற்கு மிகத் தொலைவில் இல்லை. முற்றிலும் அதுவாகிவிடவில்லை; மடி வெறுமையாக வந்தாலும் அங்கே ஒரு தொகை கேட்கப்படும். எனினும் கடலைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டும் என்ற எண்ணமாவது பத்திரத்தில் ஏறிவிட்டது.

தங்கையின் திருமணம் ஓராண்டு பிந்தி 2024 இல் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தவணையை நீட்டிக் கொடுத்தனர். அவர்களும் அதே வரிசைகளில் நின்றவர்கள். வீட்டின் முன்பகுதி இரண்டு அறைகளோடு முடிந்திருக்கின்றது. பின்பகுதிச் சுவர்கள் கதவு நிலையின் உயரத்தில், மேலே கம்பிகள் நீட்டியபடி நிற்கின்றன. தோஹாவிலிருந்து ஒவ்வொரு மாதமும் பணம் வந்ததும் ஆசிரியர் அன்றே கல் வாங்கிவிடுகின்றார்.